ஸுக்ரும் ஸஹ்வும்: பக்தாத் ஞானியர் அகநிலைகளை எடைபோட்ட வரலாறு

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாத் நகரின் கடைவீதியில் பட்டு வணிகர் ஒருவரின் கடை இருந்தது. அவர் நாள்தோறும் கடைக்குள் நுழைந்ததும் திரையை இறக்கிவிட்டு, நானூறு ரக்அத்துகள் தொழுத பின்னரே வீடு திரும்புவார் என இமாம் குஷைரி (ரஹ்) அவர்கள் தமது ‘ரிஸாலா’வில் பதிந்துள்ளார்கள். எண்ணிக்கையைக் கண்டு வியப்போரும் உண்டு, ஐயுறுவோரும் உண்டு. எம்மை ஈர்ப்பது அந்தத் திரைதான். குகையும் காடும் தேடிச் செல்லாது, வணிகச் சந்தடியின் நடுவே ஒரு துணித்திரைக்குப் பின்னால் தமது அகத்தின் ஆழத்திற்குள் இறங்கிய அம்மனிதரே, பின்வந்த தரீக்காக்களில் பெரும்பாலானவை தமது ஸில்ஸிலாவில் பெயர் சொல்லிப் போற்றும் அபுல் காஸிம் ஜுனைத் அல்-பக்தாதி (ரஹ்) அவர்கள்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது எமது பழைய மாணவர் ஒருவரின் கேள்வியாகும். ஸனது பெற்று வெளியேறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னர் ஒரு நாள் அவர் எம்மைத் தேடி வந்தார். உடன் பணிபுரிவோருடன் பத்து நாள் மௌனத் தியானப் பயிற்சி ஒன்றுக்குச் சென்று வந்ததாகவும், அதன் பின்னர் ஒரு பின்னிரவில் வீட்டில் திக்ரில் அமர்ந்திருந்தபோது உடல் இருக்கும் உணர்வே அற்றுப்போய், ‘நான்’ என்று சொல்லிக்கொள்ள எவரும் இல்லாத ஒரு பேரமைதி சிறிது நேரம் தம்மை ஆட்கொண்டதாகவும் கூறினார். அந்நிலை மீண்டும் வரவில்லை. அதனைத் தேடித் தேடியே தொழுகையின் சுவையும் போய்விட்டது என்றபோது அவரது குரல் தழுதழுத்தது. “உஸ்தாத், அது என்ன? மறுபடியும் அதை எப்படி அடைவது?” என்று கேட்டார். நாம் பாடவேளைக்கு விரைந்துகொண்டிருந்தோம். “அதெல்லாம் ஷைத்தானின் ஊசலாட்டம், விட்டுவிடுங்கள் தம்பி” என்று கூறிவிட்டு நடந்தோம்.

அன்றிரவே அப்பதில் எம்மை உறுத்தத் தொடங்கியது. வேறொருவராயின் இதற்கு நேர்மாறாக, “அது விலாயத்தின் வாசல்” என்று கூறி அம்மாணவரைத் தம் கைக்குள் வைத்திருக்கவும் கூடும். எமது சமூகத்தில் இத்தகைய அனுபவங்களுக்குக் கைவசம் இருப்பவை இவ்விரு பதில்கள்தாம். ஆனால் இதே கேள்வியை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எதிர்கொண்ட பக்தாத், இவ்விரண்டில் எதனையும் கூறவில்லை. அது ஓர் அளவுகோலைச் செய்து வைத்தது.

அவ்வளவுகோலின் தொடக்கத்தை ஹாரிஸ் அல்-முஹாஸிபி (ரஹ்) அவர்களிடம் காணலாம். பஸ்ராவில் பிறந்து, ஹி. 243இல் (கி.பி. 857) பக்தாதில் மறைந்த இவர்களது பெயரே தன்னைத் தானே கணக்குக் கேட்பவர் எனப் பொருள் தருவது. இவர்களது ‘அர்ரிஆயா லி ஹுகூகில்லாஹ்’ எனும் நூலை, ஆன்மிகப் பரவசங்களைத் தேடி விரிப்பவர் ஏமாந்துபோவார். பகட்டு, தற்பெருமை, பொறாமை ஆகியவை வணக்கத்தின் உள்ளே எவ்வாறெல்லாம் ஒளிந்துகொள்கின்றன என்பதே அதன் பேசுபொருள். இளைஞராக இருந்த ஜுனைத் (ரஹ்) இவர்களுடன் பழகினார்கள். தாய்மாமன் ஸரீ அஸ்-ஸகதி (ரஹ்) அவர்களிடம் வளர்ந்தார்கள். அபூ ஸவ்ர் (ரஹ்) அவர்களிடம் ஃபிக்ஹ் கற்றார்கள். இந்த வரிசை கவனிக்கத்தக்கது. சட்டமும் தன்னைக் கணக்குக் கேட்கும் பழக்கமும் முன்னே வந்தன. அகநிலைகள் பற்றிய பேச்சு அவற்றுக்குப் பின்னரே வந்தது.

நாம் இன்று தியானம் என்று வழங்குவதற்கு அம்மரபில் மிக நெருங்கிய சொல் ‘முராகபா’. கண்காணித்தல், காத்திருத்தல் என்பன அதன் வேர்ப்பொருள். ‘அர்ரகீப்’ எனும் இறைநாமமும் அதே வேரிலிருந்து பிறந்ததே. ஆகவே முராகபாவில் அமர்பவர் கவனிப்பவர் மட்டுமல்லர், கவனிக்கப்படுபவருமாவார். ஜிப்ரீல் (அலை) அவர்கள் கேட்ட இஹ்ஸான் பற்றிய கேள்விக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த விடையின் இரு பகுதிகளும் இவ்விரு முனைகளைத் தொடுவதாலேயே ஸூபிகள் அந்த ஹதீஸைத் தமது பாதைக்கு ஆதாரமாகக் கொண்டனர். முராகபாவின் புறத்தோற்றம் எத்தகையது என்பதற்கு ‘இஹ்யா’ ஒரு நிகழ்ச்சியைத் தருகிறது. அபுல் ஹுஸைன் அந்-நூரி (ரஹ்) அவர்கள் அங்கம் எதுவும் அசையாது அமர்ந்திருப்பதைக் கண்ட ஷிப்லி (ரஹ்) அவர்கள், இதனை எங்கு கற்றீர்கள் என வினவினார்களாம். தம் வீட்டுப் பூனை எலிவளையின் முன் உரோமம்கூட அசையாமல் காத்திருந்ததைப் பார்த்துக் கற்றதாக நூரி (ரஹ்) விடையளித்தார்களாம். ஞானத்தின் ஆசான் ஒரு பூனை! இத்தகைய எளிமையை இன்று நாம் கட்டணம் செலுத்திக் கற்கும் பயிற்சிகளில் காண்பதரிது.

அமர்ந்த பின் உள்ளே நிகழ்வது என்ன? அதனைப் படிப்படியாக விளக்கும் எழுத்து, ஜுனைத் (ரஹ்) அவர்களுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடமிருந்து எமக்குக் கிடைக்கிறது. ‘இஹ்யா’வில் உள்ளத்தின் விந்தைகள் பற்றிய நூற்பகுதியில், ஸூபிகளின் வழியென அவர்கள் ஒரு முறையை விவரிக்கிறார்கள். கடமையான தொழுகைகளோடும் அவற்றைச் சார்ந்த ஸுன்னத்துகளோடும் நிறுத்திக்கொண்டு, தனித்த ஓரிடத்தில் அமர்ந்து, இறைநாமத்தை இடைவிடாது நாவால் உச்சரிக்க வேண்டும். சில காலத்தில் நாவை அசைக்கும் முயற்சி நின்றுவிடும்; சொல் தானே நாவில் ஓடுவது போலிருக்கும். பின்னர் நாவின் தடமும் மறைந்து உள்ளம் மட்டும் திக்ரில் நிலைத்திருக்கும். அதன் பின்னர் சொல்லின் எழுத்தும் வடிவமும் உள்ளத்திலிருந்து அழிந்து, பொருள் மட்டுமே எஞ்சும். இதுவரை வருவது மனிதனின் முயற்சிக்குள் அடங்கும். இதற்கப்பால் அவன் செய்யக்கூடியது ஏதுமில்லை, இறைவன் திறந்தால் உண்டு, இல்லையேல் காத்திருப்பது மட்டுமே என்று இமாமவர்கள் கோடு கிழிக்கிறார்கள்.

அப்பக்கத்திலேயே அவர்கள் எதிர்வாதத்தையும் மறைக்காது எழுதுகிறார்கள். இப்பயிற்சியில் உடலின் சமநிலை கெடலாம், சித்தம் கலங்கலாம், முறையான கல்வியால் பண்படாத உள்ளத்தில் பொய்க்கற்பனை ஒன்று புகுந்து நெடுங்காலம் மெய்ஞ்ஞானமென வேடமிட்டு அமர்ந்துகொள்ளலாம் என்று அறிஞர்கள் அஞ்சினர். அந்த அச்சத்தை இமாமவர்கள் புறந்தள்ளவில்லை. தனி இறைநாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் முறையைப் பிற்காலத்தில் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் ஏற்கவில்லை என்பதையும் இங்கு கூறிச் செல்வது நேர்மையாகும்.

பயிற்சியில் தோன்றும் நிலைகளுக்குப் பெயரிடுவதில் அம்முன்னோர் காட்டிய நுணுக்கம், நாடி பார்க்கும் ஹகீம்களின் நுணுக்கத்துக்கு ஒப்பானது. உழைத்துப் பெற்று உறுதியாக நிற்கும் படித்தரம் ‘மகாம்’. கேளாமலே வந்து, கேளாமலே போய்விடும் கொடை ‘ஹால்’. உள்ளம் சுருங்கினால் ‘கப்ழ்’, விரிந்தால் ‘பஸ்த்’. தன்னுணர்வு மங்கினால் ‘கைபத்’, இறைமுன்னிலையில் விழித்திருந்தால் ‘ஹுளூர்’. மயக்கம் ‘ஸுக்ர்’, தெளிவு ‘ஸஹ்வ்’. அழிதல் ‘ஃபனா’, நிலைபெறுதல் ‘பகா’. ஹி. 437இல் (கி.பி. 1045-46) குஷைரி (ரஹ்) எழுதத் தொடங்கிய ‘ரிஸாலா’ இச்சொற்களை இரட்டை இரட்டையாக விளக்குகிறது. எதிர்ச்சொல் இன்றி எந்த நிலையையும் தனித்து நிற்க விடாததே இவ்வகராதியின் உள்ளடக்கமான தீர்ப்பு என்பது எமது கருத்து. எமது மாணவருக்கு நேர்ந்தது ஒரு ‘ஹால்’. அது நீங்கியதும் அவரை வருத்தியது ‘கப்ழ்’. இவ்விரு சொற்கள் கைவசமிருந்தும் நாம் அன்று அவற்றை அவருக்குத் தரவில்லை.

இவ்விரட்டைச் சொற்களுள் ஸுக்ரும் ஸஹ்வும் வெறும் சொல்லாய்வாக நின்றுவிடவில்லை. அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரும் விவாதம் உண்டு. பாரசீக நாட்டின் பிஸ்தாமில் வாழ்ந்து ஹி. 261 அளவில் (கி.பி. 874-75) மறைந்ததாகப் பலரும் குறிக்கும் அபூ யஸீத் (ரஹ்) அவர்கள் நூல் எதுவும் எழுதிவைத்தவரல்லர். எனினும் பரவச நிலையில் அவர்களது நாவிலிருந்து வெளிப்பட்ட கூற்றுகள் ஊரூராகப் பரவி பக்தாதை வந்தடைந்தன. மனிதன் தன்னையே துதிப்பது போல் ஒலித்த அக்கூற்றுகளுக்கு ‘ஷத்ஹிய்யாத்’ என்று பெயர். அவற்றைக் கேட்டுச் சிலர் உருகினர், சிலர் குஃப்ர் என்றனர். ஜுனைத் (ரஹ்) அவர்களோ உட்கார்ந்து உரை எழுதினார்கள். அவ்வுரையின் பகுதிகளை ஸர்ராஜ் (ரஹ், ஹி. 378/கி.பி. 988) தமது ‘அல்லுமஉ’ நூலில் காத்துத் தந்துள்ளார்கள்.

அவ்வுரையில் அபூ யஸீத் (ரஹ்) அவர்களை ஜுனைத் (ரஹ்) எவ்விடத்தும் இழித்துரைக்கவில்லை. அவர்கள் அடைந்தது பொய் என்றும் கூறவில்லை. ஒவ்வொரு கூற்றுக்கும் ஏற்கத்தக்க பொருள் கண்டு விளக்குகிறார்கள். அதன் பின் வருகின்ற தீர்ப்புதான் திகைக்க வைப்பது. அத்துணை உயர்ந்த நிலையை எய்தியும் அபூ யஸீத் தொடக்கப்படியைக் கடக்கவில்லை, இறுதி எல்லையைக் காட்டும் கூற்று எதனையும் தாம் அவரிடமிருந்து அறியவில்லை என்பதே அதன் சாரம். தன்னை முற்றாக இழப்பதையே பயணத்தின் முடிவென உலகம் எண்ணிக்கொண்டிருந்தபோது, அது தொடக்கம் என்றார்கள் அந்தப் பட்டு வணிகர்.

அப்படியாயின் முடிவு எது? ஜுனைத் (ரஹ்) அவர்கள் நண்பர்களுக்கு எழுதிய மடல்களும் ஃபனா பற்றிய குறுநூலும் இஸ்தான்பூல் நூலகமொன்றின் கையெழுத்துப் பிரதியில் எஞ்சியிருந்து, 1962இல் அலீ ஹஸன் அப்துல் காதிர் அவர்களின் பதிப்பாக வெளிவந்தன. மிகக் கடினமான நடை. ஒரே வரியைப் பத்துமுறை படித்தும் கைக்குள் அகப்படாத இடங்கள் பல. எனினும் ஃபனாவின் மூன்று படிகள் அங்கு தெளிவாகவே தெரிகின்றன. முதலாவது, இச்சைக்கு எதிராக உழைத்துத் தீய குணங்களிலிருந்தும் இயல்பூக்கங்களிலிருந்தும் அழிதல். இரண்டாவது, வணக்கத்தில் கிடைக்கும் இன்பத்தை நாடுவதிலிருந்தும் அழிதல். மூன்றாவது, இறைவனின் ஆதிக்கம் மிகைத்து, தான் கண்ட அனுபவத்தைத் தான் காண்பதிலிருந்தே அழிதல்.

இரண்டாம் படியில் சற்று நின்று நோக்க வேண்டும். வணக்கத்தின் சுவை தீயதன்று. ஆனால் அச்சுவைக்காகவே வணங்குபவர் தமது சுவையை வணங்குகிறார். திக்ரில் ஒருமுறை கிடைத்த அமைதியை மீண்டும் பெறுவதற்காகவே திக்ர் செய்பவர் நிற்பது இந்த இடத்தில்தான். அமைதி நீங்கியதும் தொழுகை கசந்துபோகுமாயின், ஷைத்தானைக் குறை கூறுவதைவிட முஹாஸிபியின் கணக்கேட்டைப் புரட்டுவதே பயன் தரும்.

மூன்றாம் படிக்குப் பின் ஜுனைத் (ரஹ்) கூறுவது திரும்புதலை. ஆன்மாக்கள் உடலெடுக்கும் முன்னர் இறைவனுக்கு அளித்த ‘மீஸாக்’ எனும் உறுதிமொழியை அவர்கள் தமது சிந்தனையின் மையமாக்கினார்கள். அப்போது மனிதன் தனக்கென ஓர் இருப்பின்றி இறைவனாலேயே இருந்தான். ஃபனா என்பது அந்நிலையை நோக்கிய மீட்சி. ஆனால் அடியானை இறைவன் அங்கேயே விட்டுவைப்பதில்லை. மக்களிடையே, ஷரீஅத்தின் கடமைகளிடையே, வீட்டிலும் சந்தையிலும் மீண்டும் நிறுத்துகிறான். இந்த இரண்டாவது தெளிவையே ஜுனைத் (ரஹ்) நிறைவான நிலையெனக் கருதினார்கள். அத்திரும்புதலை இன்பமானதென்றும் அவர்கள் சொல்லவில்லை. ‘பலா’ என்றே குறிக்கிறார்கள், சோதனை, பெருந்துன்பம். கண்டதை இழந்த ஏக்கத்தைச் சுமந்தவாறே கடமையாற்றுவது. எமது மாணவரின் தழுதழுத்த குரலை நினைக்குந்தோறும் இச்சொல் எமக்குப் புதுப்பொருள் தருகிறது.

ஜுனைத் (ரஹ்) தெளிவை உயர்த்திப் பேசியது அரசியல் எச்சரிக்கையால் அன்றோ எனக் கேட்பாரும் உளர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஹி. 264 (கி.பி. 877-78) அளவில் குலாம் கலீல் என்பவர் ஸூபிகள் மீது குற்றஞ்சாட்டி அவர்களை விசாரணைக்கு இழுத்தபோது, நூரி (ரஹ்) முதலானோர் உயிராபத்தில் சிக்கினர். ஜுனைத் (ரஹ்) தாம் அபூ ஸவ்ரின் மத்ஹபைச் சார்ந்த ஒரு ஃபகீஹ் எனக் கூறித் தப்பியதாகச் செய்தி உள்ளது. அவர்கள் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் அளவில், ஹி. 309 துல்கஅதாவில் (கி.பி. 922 மார்ச்) ஹல்லாஜ் பக்தாதில் கொல்லப்பட்டார். அக்கொலையில் அரசவைச் சூழ்ச்சிகளுக்கும் பங்கு இருந்தது. எனவே நாவை அடக்குவதற்குக் காரணம் இருந்தது உண்மையே. ஆனால் அஞ்சியவர் மௌனம் காப்பார். ஸுக்ர் ஏன் தொடக்கநிலை என்று உள்ளிருந்து வாதிக்கும் மடல்களை எழுதமாட்டார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் லாஹூரில் அடங்கிய ஹுஜ்வீரி (ரஹ்), ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’ நூலில் அபூ யஸீதைப் பின்பற்றும் தைஃபூரிகள், ஜுனைதைப் பின்பற்றும் ஜுனைதிகள் எனப் பிரித்து விவாதித்து, தாம் ஸஹ்வின் பக்கமே நிற்பதாக அறிவிக்கும்போது, அங்கு குலாம் கலீலின் அச்சம் ஏதுமில்லை.

இடையே ஒன்று. நம்மூர்களில் ‘மஸ்தான்’ எனும் பெயர் அன்றாடம் புழங்குகிறது. பாரசீகத்தில் ‘மஸ்த்’ என்பது மயக்கமுற்ற நிலை. சென்னையில் அடங்கியுள்ள குணங்குடி மஸ்தான் சாஹிபு (ரஹ்) அவர்களின் பெயரிலேயே ஸுக்ரின் முத்திரை பதிந்திருக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் நாவில் மயக்கத்திற்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. தெளிவுக்கு அப்படியொரு பெயர் வழங்கக் காணோம்.

இனி கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வுக்கு வருவோம். ஹி. 484இல் (கி.பி. 1091) பக்தாத் நிஸாமிய்யாவின் தலைமை ஆசிரியப் பொறுப்பேற்றவர்கள் ஹி. 488 ரஜபில் (கி.பி. 1095) நா எழாமல் போயினர்; பாடம் நடத்த வாய் திறந்தால் சொல் வரவில்லை. அவ்வாண்டு துல்கஅதாவில் பதவியைத் துறந்து திமிஷ்க் சென்று, உமையா பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருந்தார்கள். ஸூபிகளின் நூல்களைக் கற்பது தமக்கு எளிதாயிற்று என்றும், எஞ்சியிருந்தது கற்று அறிவதன்று, சுவைத்து அறிவது என்றும் ‘அல்முன்கித்’ நூலில் எழுதுகிறார்கள். உடல்நலத்தின் இலக்கணத்தை அறிவது வேறு, நலமாக இருப்பது வேறு. நோயுற்ற மருத்துவர் முன்னதை அறிவார், பின்னது அவரிடம் இல்லை. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இவ்வுவமையை வகுப்பில் எடுத்துக்கூறும் ஒவ்வொரு முறையும் சற்று நாணவே செய்கிறோம்.

சுவைத்தவர் என்பதால் அவர்கள் அளவுகோலைத் தூக்கி எறிந்துவிடவில்லை. மயக்கத்தில் இருப்போர் தாம் இறைவனோடு ஒன்றாகிவிட்டதாக எண்ணுவர். அறிவு திரும்பியதும் அது ஒன்றாதல் அன்று, ஒன்றாதலைப் போன்றதொரு தோற்றமே என அறிவர் என்று ‘மிஷ்காத்துல் அன்வார்’ நூலில் தெளிவுபடுத்துகிறார்கள். அறிவையே அவர்கள் அங்கு பூமியில் இறைவன் வைத்த தராசாகக் காண்கிறார்கள். ஏறத்தாழப் பத்தாண்டுத் தனிமைக்கிடையே பிள்ளைகளின் அழைப்பு அவர்களை ஊருக்கு இழுத்தது. ஹி. 499இல் (கி.பி. 1106) நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தார்கள். மினாராவில் ஏறியதைப் பேசும் பலர், அதிலிருந்து இறங்கியதைப் பேசுவதில்லை.

ஸூபித்துவத்தை ஏற்போரும் மறுப்போரும் எம்மிடையே இரு முகாம்களாகிவிட்ட இக்காலத்தில், மறுப்போர் பெரிதும் மேற்கோள் காட்டும் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ், ஹி. 728/கி.பி. 1328) அவர்கள் இதுபற்றி உரைத்ததை இரு சாராரும் நிதானமாகப் படிப்பது நலம். அவர்கள் ஃபனாவை மூன்றாகப் பிரிக்கிறார்கள். இறைவனன்றி வேறெதனையும் விரும்பாத அளவுக்கு நாட்டம் அழிவது நபிமார்களின், நல்லடியார்களின் நிறைவு. இறைவனன்றி வேறெதுவும் பார்வையில் படாத அளவுக்கு உணர்வு அழிவது, பாதையில் நடப்போர் சிலருக்கு உள்ளத்தின் வலுக்குறைவால் நேர்வது. அவர்கள் மன்னிக்கத்தக்கவர்கள், ஆனால் அது நிறைவன்று. படைப்புக்கும் படைத்தவனுக்கும் வேறுபாடே இல்லை என்பது வழிகேடு. இவற்றுள் இரண்டாவதை அவர்கள் ஷைத்தானின் கணக்கில் எழுதவில்லை என்பதை, அன்று அவசரப்பட்டுப் பேசிய நாமும் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஜுனைத் (ரஹ்) அவர்களை அவர்கள் பலவிடங்களில் மதிப்புடன் குறிப்பிடுவதும் தற்செயலன்று. திமிஷ்கின் ஹன்பலி அறிஞரும் பக்தாதின் பட்டு வணிகரும் இவ்விடத்தில் ஒரே திசையை நோக்கி நிற்கின்றனர்.

அல்லாமா இக்பால் 1929 ஜனவரியில் சென்னையில் தொடங்கிய உரைத்தொடரின் முதலுரையே அறிவும் சமய அனுபவமும் பற்றியது. அத்தொடரின் ஐந்தாம் உரையை அவர், ஷைகு அப்துல் குத்தூஸ் கங்கோஹி (ரஹ், மறைவு கி.பி. 1537) அவர்களின் ஒரு கூற்றோடு தொடங்குகிறார். மிஃராஜில் அவ்வுயரத்தை அடைந்த நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்தார்கள், தாமாக இருந்தால் திரும்பியிருக்க மாட்டோம் என்ற பொருள்படும் கூற்று அது. ஞானிக்கும் நபிக்கும் உள்ள வேறுபாட்டை இக்பால் அத்திரும்புதலில் காண்கிறார். ஹிராவில் தனித்திருந்து இறைத்தூதைப் பெற்ற நபி (ஸல்) அவர்கள் அங்கிருந்து நடுக்கத்துடன் இறங்கி கதீஜா (ரழி) அவர்களிடம் வந்ததையும் நாம் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கிறோம்.

எமது மாணவருக்கு மேற்கண்டவற்றைச் சுருக்கி ஒரு கடிதம் எழுதினோம். முதலில் அன்றைய பதிலுக்கு வருத்தம் தெரிவித்தோம். வந்ததைப் பொய்யென்று ஒதுக்கவும் வேண்டாம், வால்பிடித்துத் துரத்தவும் வேண்டாம் என்றோம். சுவையற்றுத் தொழும் தொழுகையை விடாதிருக்கச் சொன்னோம். ஜுனைத் (ரஹ்) அவர்களைப் பற்றி ‘ரிஸாலா’ தரும் இரு செய்திகளையும் சேர்த்தோம். அத்துணை உயர்வை எய்திய பின்னும் அவர்களது கையில் தஸ்பீஹ் மாலையைக் கண்ட ஒருவர் வியந்து கேட்டபோது, தம்மை இறைவனிடம் சேர்த்த வழியைத் தாம் விடுவதற்கில்லை என்றார்களாம். ஹி. 297 அல்லது 298இல் (கி.பி. 910) மரணத் தறுவாயில், குர்ஆனை ஓதி முடித்தவர்கள், மீண்டும் அல்பகராவிலிருந்து தொடங்கி, எழுபது ஆயத்துகள் ஓதியிருந்தபோது உயிர் பிரிந்தது.